போர்வை ஊசி

மொகோட்லோங் மலையில் ஜூலை மாதம் பனி விழும்.
லாரிக்குப் பாதை இல்லை.
கழுதை முதுகில் வந்தன
எக்ஸ்ரே பெட்டி, மடிக்கணினி,
இரண்டு பேட்டரி.
நான் பின்னால் நடந்து வந்தேன்,
மூச்சு வாங்கியபடி.

பள்ளி வகுப்பறையில் தகட்டை மாட்டினோம்.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட
வகுத்தல் கணக்கு.
வரிசையில் அறுபத்தொரு பேர்,
எல்லோருக்கும் என்னிடம் ஒரே வாசகம்:
தாடையைத் தூக்குங்கள்
தோளை முன்னால் தள்ளுங்கள்
மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
ஒரு தடவை, விடுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன்.
ஆட்டிடையன் ஒருவன் கண் பிதுங்க நின்றான்.

படம் விழுந்த ஒன்பதாவது நொடி
மென்பொருள் எண் சொல்லும்.
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ
ஒருவரின் நெஞ்சு.
அரையைத் தாண்டினால் சளிக் குப்பி,
தாண்டாவிட்டால் வீட்டுக்கு.
சந்தேகம் உள்ள இடத்தில்
சிவப்பை அப்பி வைக்கும்.

படம் பார்க்கத் தெரிந்த டாக்டர்
ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கிறார்.
அவர் கைக்கு உறை போய்ச் சேர்ந்து
பதில் திரும்ப மூன்று வாரம்.
அதற்குள் இங்கே இரண்டு கல்யாணமும்
ஒரு சாவும் முடிந்திருக்கும்.
ஆகவே இந்தப் பெட்டியைக் குறை சொல்ல
நான் அவ்வளவு எளிதில் வாயெடுப்பதில்லை.

புசெலெட்சோவையே எடுத்துக்கொள்ளுங்கள்.
அக்காவின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு
துணைக்கு வந்தவள்.
இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை,
சிரித்தால் வகுப்பறையே திரும்பிப் பார்த்தது.
சும்மா நில்லேன் என்று நிறுத்தினேன்.
படம் என் கண்ணுக்குச் சுத்தம்.
பெட்டி சொன்னது: பூஜ்யம் புள்ளி ஒன்பது மூன்று.
காறை எலும்புக்குப் பின்னால்
பருப்பளவு மேகம் ஒன்று
பதுங்கியிருந்தது.
சளியும் ஆமாம் என்றது.
நானாக இருந்தால்
மடியில் குழந்தையோடு
அனுப்பி வைத்திருப்பேன்.

பிறகு செகோன்யானா வந்தார்.
போர்வையைக் கழற்ற மாட்டேன், குளிர் என்றார்.
ஊசியையாவது எடுங்கள் என்றேன்.
எடுத்தேன் என்றார்.
எடுக்கவில்லை.

பூஜ்யம் புள்ளி ஒன்பது ஏழு.
அன்றைய நாளின் உச்சம்.
இரண்டு நுரையீரலும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு,
மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி.
குப்பியில் துப்பினார். சோதித்தோம். இல்லை.
மறுபடி துப்பினார். இல்லை.

"உன் பெட்டி என்ன சொல்கிறது?"
எண் சொல்கிறது என்றேன்.
"சுரங்கத்திலும் எனக்கு எண்தான் பெயர்" என்றார்.
இருபத்து மூன்று வருடம், வெல்கம்,
தங்கம் எடுக்கிற குழிக்குள்.
பாறையைத் துளைக்கும்போது எழும் வெள்ளைப் புழுதி
வாய்த்துணிக்கு அடங்காதாம்.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் சோளக்களியில் அதே நிறம்.
விரலில் ஒரு மோதிரம்கூட இல்லை.

பெட்டியிடம் இருப்பது ஒரே கேள்வி,
காசமா, இல்லையா.
இல்லை என்றானதும்
திரையில் பச்சை வந்தது:
மேல் நடவடிக்கை தேவையில்லை.

"அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லையா?"
நெஞ்சில் கை வைத்துச் சொல் என்பார்களே,
அவர் தன் நெஞ்சில் கை வைத்துத்தான் கேட்டார்,
படியேறி வந்த இளைப்பு இன்னும் அடங்காமல்.

குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு.
யாரும் அதைத் தொடுவதில்லை.
கல் புழுதி. இருபத்து மூன்று ஆண்டு. நஷ்ட ஈட்டு அலுவலகத்துக்கு அனுப்பவும்.
அறியப்படாத பதிவு என்றது திரை,
சேமிக்கவா என்று கேட்டது.
சேமித்தேன்.
தாளிலும் ஒரு பிரதி எழுதிக் கையில் கொடுத்தேன்.
தாளுக்கு மலையிறங்கத் தெரியும்.

பேட்டரி சாகுமுன் படத்தை இன்னொரு முறை பார்த்தேன்.
இடது மார்பின் மேல்
போர்வை ஊசி வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது.
அதன்மேல் மட்டும் சிவப்பு இல்லை.
ஊசியைப் பொருட்படுத்தாதே என்று
யாரோ மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே அவர்
விறைத்த விரல்களால் அதே ஊசியைக்
குத்தப் பார்க்கிறார்,
துணி நழுவுகிறது.

அடுத்தவர் தகட்டுக்கு முன்னால் வந்து
நான் சொல்லுமுன்பே
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.